அரை மார்க்குக்காகக் கட்டிய பெட்டி

நகர்கிறதா நிற்கிறதா என்று தானே சொல்ல வேண்டிய எங்கள் பெட்டி தோற்றுவிட்டது. வயர் விட்டுப்போய்த் தோற்கவில்லை, ப்ரோகிராம் தப்பாகியும் தோற்கவில்லை. எல்லாம் ஒழுங்காக வேலை செய்ய ஆரம்பித்த பிறகுதான் தோற்றது. அதனால்தான் இதை எழுதிவைக்க உட்கார்ந்தேன். ஆன செலவு: நான்கு வாரம், 980 ரூபாய், எரிந்துபோன ஒரு சென்சர்.

நான் லிஃப்ட் மெக்கானிக். ஊர் கிருஷ்ணகிரிப் பக்கம். பெங்களூரு வந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது, வீடு அல்சூரில். மகள் ஒன்பதாவது படிக்கிறாள். சயின்ஸ் பரீட்சையில் 'ஒரு பொருள் எப்போது இயக்கத்தில் இருக்கிறது?' என்று ஒரு மார்க் கேள்வி. 'நேரம் போகப்போக அதன் இடம் மாறினால்' என்று எழுதியிருக்கிறாள். அரை மார்க்தான் விழுந்தது. ஓரத்தில் சிவப்பு மையில் 'எதைப் பொறுத்து?' என்று எழுதியிருந்தது.

"ஓடுற பஸ் ஓடுது, நிக்கிற பஸ் நிக்குது. இதுல எதைப் பொறுத்துன்னு என்னப்பா கேள்வி?" என்றாள். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பள்ளிக் கண்காட்சிக்கு ஐந்து வாரம் இருந்தது. மூடிய பெட்டி ஒன்று செய்வது என்று முடிவானது. அது வெளியே எதையும் பார்க்கக் கூடாது, எதையும் தொட்டு அளக்கக் கூடாது. நகர்ந்தால் சிவப்பு விளக்கு, நின்றால் பச்சை. பெட்டியே சொல்லிவிட்டால் எதைப் பொறுத்து என்று அப்புறம் யார் கேட்பார்கள்?

சனிக்கிழமை வேலை முடிந்து எலக்ட்ரானிக்ஸ் கடைகள் இருக்கும் எஸ்.பி. ரோடு போனேன். ப்ரோகிராம் ஏற்றி ஓட்டும் குட்டி கம்ப்யூட்டரான ஆர்டுயினோ நானோ போர்டு 280 ரூபாய். அசைவை உணரும் எம்பியூ-6050 என்ற சென்சர் 170. இரண்டு எல்இடி, ரெசிஸ்டர்கள் 10. ஒன்பது வோல்ட் பேட்டரியும் கிளிப்பும் 50. புள்ளி புள்ளியாக ஓட்டை போட்ட ஜீரோ போர்டு 25, ஜம்பர் வயர் 60. அல்சூர் மார்க்கெட்டில் மூடி இறுக்கமான பிளாஸ்டிக் டிபன் டப்பா 60. வீட்டில் 25 வாட் சோல்டரிங் அயர்னும் மல்டிமீட்டரும் ஏற்கெனவே உண்டு. ப்ரோகிராம் அவள் பங்கு, பள்ளியில் கொஞ்சம் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். வயரிங் என் பங்கு.

முதல் தப்பு என் பங்கில்தான் நடந்தது. நானோ போர்டில் 'விஐஎன்' என்ற காலுக்கு ஒன்பது வோல்ட் கொடுக்கலாம், போர்டு அதை ஐந்தாகக் குறைத்துக்கொள்ளும். சென்சருக்கு அந்த ஐந்து வோல்ட் காலிலிருந்துதான் எடுக்க வேண்டும். நான் அந்த விஐஎன் காலிலேயே சோல்டர் வைத்துவிட்டேன். ஒன்பது வோல்ட்டும் நேராகச் சென்சருக்குள் போனது. புகைகூட வரவில்லை, விரல் வைத்தால் சுட்டது, அவ்வளவுதான். பத்தொன்பது வருஷம் 415 வோல்ட் பேனலில் கை வைத்துப் பிழைத்தவன், ஒன்பது வோல்ட்டில் 170 ரூபாயை எரித்தேன். அடுத்த சனிக்கிழமை மறுபடி எஸ்.பி. ரோடு. இந்தத் தடவை மல்டிமீட்டரில் ஒவ்வொரு காலாக வோல்ட் பார்த்துவிட்டுத்தான் சென்சரை மாட்டினேன். சென்சரின் எஸ்டிஏ கால் நானோவின் ஏ4-க்கு, எஸ்சிஎல் ஏ5-க்கு. இந்த இரண்டும் மாறிப்போனால் ஒன்றும் எரியாது, எண் வராது, அவ்வளவே.

சென்சர் உயிரோடு வந்ததும் சிவப்பு விளக்கு எரிந்தது. மேசையில் சும்மா கிடக்கும் பெட்டி, அணையவே இல்லை. "மேசை ஓடுதுப்பா" என்றாள். லேப்டாப்பில் எண்களைப் பார்த்தோம். பக்கவாட்டு அச்சுகள் இரண்டிலும் பூஜ்யத்துக்குப் பக்கம், மேல்நோக்கிய அச்சில் மட்டும் 16,384-ஐ ஒட்டி ஓர் எண். இந்தச் சென்சருக்கு அந்த எண் என்றால் 9.8 மீ/வி², அதாவது புவியீர்ப்பு. உள்ளே ஸ்ப்ரிங்கில் கட்டிய ஒரு துளி எடை இருப்பதாக நினைத்துக்கொள்ளலாம். அந்த எடை எவ்வளவு விலகுகிறது என்பதைத்தான் சென்சர் சொல்கிறது. மேசையில் கிடந்தாலும் அந்த எடை கீழே தொங்கத்தானே செய்யும். சரி, மொத்த அளவிலிருந்து 9.8-ஐக் கழித்து, மீதி 0.3-ஐத் தாண்டினால் மட்டும் சிவப்பு என்று மாற்றினாள். பச்சை வந்தது.

அப்போதே ஒரு விளையாட்டு செய்து பார்த்தோம். பெட்டியை மெத்தைக்கு ஒரு மீட்டர் மேலே பிடித்து விட்டேன். விழுந்த அரை விநாடிக்குள் பதிவான எண்களைப் பிறகு பார்த்தால், மூன்று அச்சிலும் கிட்டத்தட்ட பூஜ்யம். மேசையில் அசையாமல் கிடந்த பெட்டி 9.8 காட்டியது, விழுந்துகொண்டிருந்த பெட்டி ஒன்றுமே காட்டவில்லை. அந்த இடத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பேட்டரிப் பிரச்சினையில் மூழ்கிவிட்டேன்.

ஒன்பது வோல்ட் பேட்டரி ஒரே மாலையில் இறங்கிவிட்டதால் பழைய பவர் பேங்க் ஒன்றை மாட்டினேன். அரை நிமிஷத்தில் இரண்டு விளக்கும் அணைந்தன. மறுபடி பட்டனை அழுத்தினால் மறுபடி அரை நிமிஷம். வயரை ஆட்டினேன், சோல்டரைத் திரும்ப வைத்தேன், ஒரு மணி நேரம் வீணானது. விஷயம் என்னவென்றால், நம் பெட்டி மொத்தமாக இழுப்பது 40 மில்லி ஆம்பியர்கூட இல்லை. போன் எதுவும் மாட்டவில்லை போல என்று பவர் பேங்க் தானாக அணைந்துவிடுகிறது. ஐந்து வோல்ட்டுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 47 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் ஒன்றைச் சும்மா போட்டேன். கூடுதலாக 100 மில்லி ஆம்பியரைத் தின்னும், கொஞ்சம் சூடாகும், வேறு தொல்லை இல்லை. கால் வாட் ரெசிஸ்டர் போட்டால் கருகிவிடும்.

ஸ்கூட்டர் சோதனையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டிரினிட்டி சர்க்கிள் சிக்னலில் எஞ்சின் ஓடிக்கொண்டு நின்றால் சிவப்பு. எஞ்சினை அணைத்தால் பச்சை. நம் பெட்டி எஞ்சின் ஓடுகிறதா என்பதை மிக நன்றாகச் சொன்னது. ஒரு விநாடி எண்களைச் சேர்த்துச் சராசரி எடுக்க வைத்ததும் அந்த நடுக்கம் ஒன்றையொன்று கழித்துக்கொண்டு அடங்கியது. ஆனால் பெங்களூர் ரோட்டில் பள்ளம் இல்லாத நூறு மீட்டர் எங்கே கிடைக்கும்? குலுக்கல் இல்லாமல் நகர்கிற ஒன்று வேண்டும். அது என் கையிலேயே இருந்தது.

நான் பார்த்துக்கொள்ளும் ஓர் அடுக்ககம், தரைத்தளத்துக்கு மேல் ஒன்பது மாடி. மாடிக்கு 3 மீட்டர், ஆக 27 மீட்டர். லிஃப்டின் வேகம் விநாடிக்கு 1 மீட்டர். செயலாளரிடம் சொல்லிவிட்டு ஞாயிறு காலை ஆறரைக்கு அவளையும் கூட்டிக்கொண்டு போனேன். பெட்டி காரின் தரையில் (லிஃப்டில் ஆட்கள் நிற்கும் கூண்டை நாங்கள் கார் என்போம்), அவள் கையில் ஸ்டாப்வாட்ச். பக்கத்து வீட்டில் கடன் வாங்கிய எடை பார்க்கும் மெஷின் ஒன்றும் கூட, அதன் மேல் நான்.

கதவு மூடியது. கிளம்பியதும் சிவப்பு. எடை மெஷின் 62-லிருந்து 65-ஐத் தொட்டது. இரண்டு விநாடியில் மெஷின் 62-க்குத் திரும்பியது, விளக்கு பச்சைக்கு மாறியது. லிஃப்ட் ஏறிக்கொண்டே இருக்கிறது, மாடி எண்கள் மாறுகின்றன, பெட்டி பச்சையிலேயே இருக்கிறது. 25 விநாடி. ஒன்பதாவது மாடி நெருங்கும்போது இரண்டு விநாடி சிவப்பு, எடை 59. நின்றது, பச்சை.

ஆறு தடவை ஏறி இறங்கினோம். ஆறு தடவையும் அப்படியே. 29 விநாடிப் பயணத்தில் நான்கு விநாடி மட்டும்தான் பெட்டிக்கு நகர்வது தெரிந்தது.

லேப்டாப்பில் பதிந்த எண்களில் இன்னொன்றும் கண்ணில் பட்டது. சராசரி எடுப்பதற்கு முந்தைய எண்களில், பச்சை ஓடிய நேரத்திலும் பக்கவாட்டு அச்சில் அங்கங்கே ஒரு துள்ளல். பெரும்பாலும் சின்னது. 16-வது விநாடியிலும் 19-வது விநாடியிலும் மட்டும் பெரிது. குப்பை எண் என்று ஒதுக்கிவிட்டேன். அது குப்பை இல்லை, கடைசியில் வருகிறேன்.

"இது நகர்றதைச் சொல்லலப்பா. வேகம் மாறுறதைத்தான் சொல்லுது" என்று கார் தரையில் உட்கார்ந்தபடி சொன்னாள். ஆனாலும் விடவில்லை. மாறுவதையெல்லாம் கூட்டிக்கொண்டே போனால் இப்போதைய வேகம் வந்துவிடாதா? கிளம்பும்போது 0.5 வீதம் இரண்டு விநாடி என்றால் விநாடிக்கு 1 மீட்டர். அதை ஞாபகம் வைத்துக்கொண்டால் நடுவிலும் சிவப்பு எரியும். நல்ல யோசனை. அன்று சாயங்காலமே ப்ரோகிராமை மாற்றினாள். திங்கள் இரவு அதே லிஃப்டில் பார்த்தோம். நடுவழியில் விநாடிக்கு 0.96 மீட்டர் என்று காட்டியது, விளக்கும் சிவப்பு. இரண்டு பேரும் கை தட்டிக்கொண்டோம். பெட்டி ஜெயித்துவிட்டது என்று அவள் அம்மாவுக்குப் போன் போட்டாள்.

வீட்டுக்கு வந்து பெட்டியை அணைக்க மறந்து மேசையில் வைத்துவிட்டுச் சாப்பிடப் போனோம். பத்து நிமிஷம் கழித்து வந்து பார்த்தால் மேசை மணிக்கு 43 கிலோமீட்டரில் போய்க்கொண்டிருந்தது. சென்சரில் எப்போதும் ஒரு சின்னப் பிசகு உண்டு. எங்களுடையதில் கழித்தது போக மீதி 0.02 மீ/வி². ஒரு விநாடிக்கு அது ஒன்றுமே இல்லை. ஆனால் கூட்டிக்கொண்டே போனால் ஒரு நிமிஷத்தில் விநாடிக்கு 1.2 மீட்டர், பத்து நிமிஷத்தில் 12 மீட்டர். லேசாகச் சாய்ந்தால் இன்னும் மோசம். ஒரு டிகிரி சாய்வுக்கே 0.17 வந்து சேர்கிறது, புவியீர்ப்பின் ஒரு பங்கு பக்கவாட்டில் ஒழுகுவதால்.

விலை கூடிய சென்சர் வாங்கினால் சரியாகிவிடும் என்றுதான் நினைத்தேன். அந்த நினைப்பை அவள்தான் உடைத்தாள். புதன்கிழமை லிஃப்டில், பெட்டியை அணைத்து வைத்திருந்து, மூன்றாவது மாடி தாண்டி ஏறிக்கொண்டிருக்கும்போது ஸ்விட்சைப் போட்டாள். வேகம் பூஜ்யம், பச்சை. ஒன்பதாவது மாடியில் லிஃப்ட் வேகம் குறைத்து நின்றது, கதவு திறந்தது. திறந்த கதவுக்கு முன்னால் பெட்டி சிவப்பாக எரிந்தது, லேப்டாப்பில் 'கழித்தல் 1'. அதாவது விநாடிக்கு ஒரு மீட்டர் கீழே போய்க்கொண்டிருக்கிறதாம். கணக்கில் ஒரு தப்பும் இல்லை. ஸ்விட்ச் போடும் நேரத்தில் நீ நிற்கிறாய் என்று அதற்குச் சொல்லிவைத்தவர்கள் நாங்கள்தான். எதைப் பொறுத்து நிற்கிறது என்பதை யோசிக்காமலே சொல்லியிருக்கிறோம். எவ்வளவு நல்ல சென்சர் போட்டாலும் அந்த முதல் எண் வெளியிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

அந்த வார ஞாயிற்றுக்கிழமை மெட்ரோ. பெட்டியை எடுத்துப்போகலாம் என்றேன். "வயரும் லைட்டும் வெச்ச டப்பாவ ஸ்கேனர்ல போட்டா நம்மள உக்கார வெச்சிருவாங்கப்பா" என்றாள். சரிதான். மின்சாரமே இல்லாத ஒன்று செய்தோம். உண்மையைச் சொன்னால், மொத்த வேலையிலும் உருப்படியானது இதுதான்.

ஒரு லிட்டர் பிளாஸ்டிக் ஜாடி, அகல வாய். முதலில் தண்ணீர் பாட்டிலில்தான் முயன்றேன். டேபிள் டென்னிஸ் பந்து 40 மில்லிமீட்டர், பாட்டில் வாய் 30 கூட இல்லை. வாங்கி வந்த பிறகு அளந்து பார்க்கிற பழக்கம் என்னிடம் உண்டு. ஆகவே ஜாடி, இரண்டு சென்டிமீட்டர் தெர்மாகோல் உருண்டை. பாக்கெட் 30 ரூபாய், ஒன்று போதும், மீதி இருபதும் வீட்டில் உருண்டுகொண்டிருக்கிறது. உருண்டையைத் தையல் நூலில் கட்டினால் நூல் ஊறி முறுக்கிக்கொண்டது. 20 ரூபாய் தூண்டில் நரம்பு நேராக நின்றது. நரம்பின் மறுமுனையை மூடியின் உட்பக்கம் எம்-சீல் வைத்து ஒட்டினேன், 25 ரூபாய், ஓர் இரவு காய வேண்டும். பக்கெட்டில் முக்கி, தண்ணீருக்கு அடியிலேயே மூடியைத் திருக வேண்டும். இல்லாவிட்டால் காற்றுக் குமிழி மாட்டிக்கொண்டு அதுவும் ஒரு பக்கம் ஓடிக்கொண்டே இருக்கும். இப்போது ஜாடியைக் கவிழ்த்தால் மூடி கீழே, உருண்டை பத்து சென்டிமீட்டர் நரம்பில் மேல்நோக்கி மிதக்கும். ஜாடியின் மேல் மார்க்கரில் அரை சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டோம்.

அல்சூர் ஸ்டேஷனில் ஏறினோம். ஜாடி அவள் மடியில். வண்டி கிளம்பியதும் உருண்டை முன்னால் சாய்ந்தது, இரண்டு கோடு. எதிர் இருக்கையில் இருந்தவர் கன்னடத்தில் கேட்டார், பின்னால்தானே போக வேண்டும் என்று. தண்ணீர்தான் பின்தங்குகிறது, கனமானது அது, இலேசான உருண்டையை முன்னால் தள்ளிவிடுகிறது என்று என் கன்னடத்தில் சொன்னேன். அவர் நம்பவில்லை. டிரினிட்டியில் பிரேக் பிடித்தபோது உருண்டை பின்னால் சாய்ந்ததைப் பார்த்த பிறகு, ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் எங்களோடு சேர்ந்து எண்ண ஆரம்பித்தார். பத்து சென்டிமீட்டர் நரம்பில் ஒரு சென்டிமீட்டர் சாய்வு என்றால் தோராயமாக 1 மீ/வி². எங்கள் லிஃப்டைப் போல இரண்டு மடங்கு.

எம்.ஜி. ரோடு தாண்டி வண்டி பூமிக்குள் இறங்கியது. அதற்காகத்தான் இந்த வழியைத் தேர்ந்தெடுத்தோம். கப்பன் பார்க்கிலிருந்து மெஜஸ்டிக் வரை ஜன்னலுக்கு வெளியே இருட்டு. வேகம் எடுத்து முடித்ததும் உருண்டை நிமிர்ந்து நின்றது. பத்துப் பதினைந்து விநாடி ஆணி அடித்தாற்போல் நின்றது.

"இப்ப வண்டி ஓடுதா, நிக்குதா?" என்றேன்.

உருண்டையைப் பார்த்தாள். எதிரில் இருந்தவரைப் பார்த்தாள், அவரும் எங்கேயும் போகவில்லை. அப்புறம் கண்ணாடியில் கையைக் குவித்து வைத்து வெளியே பார்த்தாள். சுவரில் ஓடும் கேபிள் தாங்கிகள் ஒவ்வொன்றாகப் பின்னால் போய்க்கொண்டிருந்தன.

"அவங்க அரை மார்க் குடுத்ததே பெருசுப்பா" என்றாள்.

திரும்பி வரும்போது அவளுக்கு இன்னொரு கேள்வி. வீட்டு மேசை மட்டும் என்ன, நிற்கிறதா? பூமியின் அச்சைப் பொறுத்துப் பார்த்தால் பெங்களூரு இருக்கும் அட்சரேகையில் தரை மணிக்குச் சுமார் 1,630 கிலோமீட்டரில் கிழக்கே போகிறது. நம் பெட்டி அதற்கும் பச்சைதான் காட்டும். படகில் போகிறவனுக்குக் கரையில் நிற்பவை பின்னால் போவதாகத் தெரிவது போலத்தான் நிற்கிற விண்மீன்கள் மேற்கே போவதாகத் தெரிகின்றன என்று ஆரியபட்டர் ஆயிரத்து ஐந்நூறு வருஷத்துக்கு முன்னமே சொல்லிவிட்டார். அவரிடம் எம்பியூ-6050 இல்லை.

எனக்கு உறைத்தது மறுநாள் வேலையில். கார் டாப்பில் உட்கார்ந்து ஷூவுக்கு (சுவரோரம் நிற்கும் கைடு ரெயில் என்ற தண்டவாளத்தில் காரைப் பிடித்து வழுக்க வைக்கும் துண்டு) எண்ணெய் பார்த்துக்கொண்டிருந்தேன். பத்தொன்பது வருஷமாக நான் மாட்டியும் கழற்றியும் வருகிற எல்லாமே 'எதைப் பொறுத்து' என்பதற்கான பதில்தான் என்று அப்போது பட்டது. லிஃப்ட் ஏறி இறங்கும் ஷாஃப்டில் மாடிக்கு மாடி நிற்கிற மேக்னெட், அது பக்கத்தில் வந்தால் தெரிந்துகொள்ளும், காரில் இருக்கிற ரீடு சுவிட்ச். மெஷின் ரூமில் ஓவர்ஸ்பீடு கவர்னர். கார் அதன் கயிற்றை இழுத்துக்கொண்டு போகும், கட்டடத்தில் பொருத்திய சக்கரம் அதில் சுற்றும், வேகம் அளவு மீறினால் அதுதான் பிடிக்கும். இவற்றில் எதுவும் காருக்குள் தனியாக இல்லை, ஒரு பாதி எப்போதும் கட்டடத்தில் இருக்கிறது. கரன்ட் போய் வந்ததும் சில லிஃப்டுகள் நாம் அழுத்திய மாடியை விட்டுவிட்டு நேராகக் கீழே போகும், குடியிருப்பவர்கள் என்னைத் திட்டுவார்கள். தான் எங்கே இருக்கிறோம் என்று அதற்குத் தெரியாது. கடைசி லேண்டிங்கைத் தொட்டுவிட்டு அங்கிருந்து எண்ணிக்கொண்டு வரும். இதையெல்லாம் தெரிந்து வைத்துக்கொண்டு வெளியே பார்க்காத பெட்டியைக் கட்ட எஸ்.பி. ரோட்டுக்கு இரண்டு தடவை போயிருக்கிறேன்.

கண்காட்சிக்குப் பத்து நாள். பெட்டியின் பக்கவாட்டில் ஓட்டை போட்டு ஒரு வயரை வெளியே விட்டோம், பந்தயத்தில் தோற்றதாக ஒத்துக்கொண்ட மாதிரி. அதன் நுனியில் காந்தத்தை உணரும் ஹால் சென்சர், ஒன்று உடைந்தால் இன்னொன்று என்று இரண்டு, 40 ரூபாய். அவள் சைக்கிளின் பின்சக்கரக் கம்பியில் காந்தம், நான்கு 40 ரூபாய். காந்தம் சென்சரைத் தாண்டும்போதெல்லாம் ஒரு துடிப்பு. முதலில் இடைவெளி ஒரு சென்டிமீட்டர் வைத்தேன், ஒன்றும் வரவில்லை. மூன்று மில்லிமீட்டருக்கு நெருக்கியதும் வந்தது. காந்தத்தின் எந்த முகம் சென்சரைப் பார்க்கிறது என்பதும் முக்கியம், திருப்பி ஒட்டினால் ஊமை. டயரில் சாக்பீஸ் கோடு போட்டு ஒரு சுற்று உருட்டி டேப்பில் அளந்தோம், 2.07 மீட்டர். இரண்டு விநாடிக்குள் துடிப்பு வந்தால் சிவப்பு, இல்லாவிட்டால் பச்சை. அதனால் மணிக்கு 3.7 கிலோமீட்டருக்குக் குறைவாகத் தள்ளிக்கொண்டு போனால் பெட்டிக்கு அது நிற்கிற சைக்கிள்தான். ஆறு காந்தம் ஒட்டினால் இது ஆறில் ஒன்றாகும், நேரம் இல்லை.

தெருவில் ஓட்டிக் காட்டினாள். நடுவழியில், சீரான வேகத்தில், சிவப்பு. திரும்பி வந்து ஸ்டாண்ட் போட்டு, சும்மா பெடலைக் கையால் சுற்றினாள். நின்ற இடத்தில் நின்றுகொண்டு சிவப்பு. நான் ப்ரோகிராமைத் திறக்கப் போனேன், அவள் தடுத்தாள். பெட்டி சொல்வது சரிதான், சைக்கிள் சட்டத்தைப் பொறுத்துச் சக்கரம் சுற்றுகிறது, ரோட்டைப் பற்றி அதற்கு ஒன்றுமே தெரியாது. அந்தக் குறையை மறைக்க வேண்டாம், அப்படியே வைக்கிறேன் என்றாள். கண்காட்சியில் ஸ்டாண்ட் போட்ட சைக்கிளையே வைத்தாள், கைப்பிடியில் ஓர் அட்டை: 'இந்தச் சைக்கிள் ஓடுகிறதா? எதைப் பொறுத்து?' பிள்ளைகள் பெடலைச் சுற்றிவிட்டுச் சண்டை போட்டுக்கொண்டார்கள். கூட்டம் என்னவோ ஜாடிக்குத்தான்.

மறுபடி செய்தால் ஜாடியிலிருந்தே தொடங்குவேன். ஒன்பது வோல்ட் பேட்டரியைத் தொடவே மாட்டேன். சென்சரைப் பெட்டியின் அடியில் ஸ்க்ரூ போட்டு இறுக்குவேன். இரட்டைப் பக்க டேப்பில் ஒட்டியதால் டேப் மெத்தை மாதிரி இருந்து சின்ன அதிர்வுகளைத் தின்றுவிட்டது. எண்களைப் பதிய லேப்டாப்பைச் சுமக்காமல் மெமரி கார்டு ஒன்றை மாட்டுவேன்.

அந்த டேப் விஷயம் தெரிந்தது கண்காட்சி முடிந்த பிறகு. ஒதுக்கிவைத்த 16-வது, 19-வது விநாடித் துள்ளல்கள் மண்டைக்குள் நிமிண்டிக்கொண்டே இருந்தன. விநாடிக்கு ஒரு மீட்டரில் ஏறுகிற காரில் மூன்று விநாடி என்றால் மூன்று மீட்டர். காரின் மேல் ஷூவுக்கும் கீழ் ஷூவுக்கும் உள்ள தூரமும் ஏறக்குறைய அதுதான். ஒரே இடத்தை மேல் ஷூ ஒரு தடவை, கீழ் ஷூ ஒரு தடவை கடந்திருக்கிறது. கைடு ரெயில் 5 மீட்டர் நீளத் துண்டுகளாக வரும், ஒவ்வொரு ஜாயின்டிலும் கொஞ்சம் தட்டும். இந்த ஒன்றில் மட்டும் ஏன் இவ்வளவு? ஐந்தாவது மாடிப் பெரியவர் ஒரு வருஷமாக 'டக்' என்று சத்தம் வருகிறது என்று சொல்லிக்கொண்டிருந்தார். நானும் இரண்டு தடவை ஷூ லைனர் மாற்றியிருக்கிறேன், சத்தம் போகவில்லை.

சென்சரை ஸ்க்ரூவில் இறுக்கி, சராசரி எடுப்பதை நிறுத்திவிட்டு, கார் டாப்பில் வைத்து மறுபடி ஓட்டினேன். பக்கவாட்டில் 0.9 மீ/வி². மற்ற ஜாயின்டுகளில் 0.3. உதவிக்கு ஒரு பையனை வைத்துக்கொண்டு, இன்ஸ்பெக்‌ஷன் மோடில் மெதுவாக ஏற்றி அந்த இடத்தில் நிறுத்தினேன். ரெயில் துண்டுகளை இணைக்கும் ஃபிஷ்பிளேட் தகட்டின் போல்ட் எல்லாம் இறுக்கமாகத்தான் இருந்தன. ரெயில் முகத்தில் ஸ்டீல் ஸ்கேலைப் படுக்க வைத்து, இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகள் கொண்ட ஃபீலர் கேஜை நுழைத்தால் 0.15 மில்லிமீட்டர் இதழ் தாராளமாகப் போனது. உயரமாக இருந்த பக்கத்தை நைசான அரத்தால் ஒரு சாண் நீளத்துக்குச் சரிவாக ராவினேன், ஒன்றரை மணி நேரம். தூளைத் துணியில் துடைத்துவிட்டு எண்ணெய் போட்டேன். இப்போது 0.05 இதழ்கூட நுழையவில்லை. பெட்டியில் 0.3.

செயலாளரின் புத்தகத்தில் 'கைடு ரெயில் ஜாயின்ட் சரிசெய்யப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று அவர் கேட்டார். டிபன் டப்பாவைப் பையில் போட்டுக்கொண்டு, அனுபவம்தான் சார் என்றேன்.